செயலாளர் விலகினால் 30 நாள்தான்

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரங்களில் 'எண்டர்பிரைஸ்' ஆகக் கடை நடத்திய நம்மவர்கள் பலர் செண்டிரியான் பெர்ஹாட்டுக்கு மாறுகிறார்கள். எண்டர்பிரைசுக்குச் செயலாளர் தேவையில்லை. செண்டிரியான் பெர்ஹாட்டுக்கோ 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி, பதிவான 30 நாளுக்குள் ஒருவரை நியமித்தாக வேண்டும். அவர் இங்கு வசிக்கும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். எஸ்எஸ்எம் வழங்கும் தொழில் சான்றிதழும் 2019 மார்ச் முதல் கட்டாயம்.

சிக்கல் முகவரியில்தான் தொடங்குகிறது. பெரும்பாலோர் செயலாளரின் அலுவலகத்தையே பதிவு முகவரியாகக் கொடுத்துவிடுகிறார்கள். எஸ்எஸ்எம் கடிதமும் நீதிமன்றச் சம்மனும் அங்கேதான் போகும். கட்டண பாக்கியால் செயலாளர் விலகிவிட்டால், கடிதம் வந்ததே முதலாளிக்குத் தெரியாது. 30 நாளுக்கு மேல் அந்தப் பதவி காலியாக இருக்கக்கூடாது. வியாபாரமே நடக்காவிட்டாலும் ஆண்டறிக்கை தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் இயக்குநர்தான் பதில் சொல்ல வேண்டும். செயலாளரைக் கைகாட்டித் தப்ப முடியாது.

தம்பி பெயரில் பங்கை வைத்து, தாம் நிறுவனத்தை நடத்துபவர்களுக்கு இன்னொன்று: 2024 ஏப்ரல் முதல், உண்மையில் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துபவர் யார் என்பதையும் எஸ்எஸ்எம்மிடம் தெரிவிக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்சை ஒட்டிய கேஎல் சென்ட்ரலில்தான் எஸ்எஸ்எம் கோபுரம் இருக்கிறது. கட்டணம் செலுத்தி நிறுவன விவர அறிக்கையை எடுத்தால், பதிவேட்டில் உங்கள் செயலாளர் யார், எந்த முகவரி என்று தெரிந்துவிடும்.