விழப்போகிற பல் என்று விடலாமா?

"பால் பல்தானே, எப்படியும் விழப்போகிறது, அதற்கு எதற்கு வைத்தியம்?" படித்தவர் படிக்காதவர் என்றில்லாமல் வீட்டுக்கு வீடு கேட்கும் இந்தச் சமாதானம் பிள்ளைகளுக்கு நாம் இழைக்கும் தீங்கு. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, பால் பல் சொத்தையால் அவதிப்படும் குழந்தைகள் சுமார் 51 கோடிப் பேர்.

விழும், சரி. எப்போது? முன்பற்கள் 6, 7 வயதில் விழும். கடைவாய்ப் பால் பற்களோ 10, 12 வயதுவரை நிற்க வேண்டியவை. 3 வயதில் சொத்தையான பல்லை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை இன்னும் 7, 8 வருஷம் மென்று தின்றாக வேண்டும். வலி பொறுக்காமல் பிடுங்கினாலோ, பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சரிந்துவரும். அடியிலிருந்து வரவேண்டிய பல் வழியில்லாமல் கோணலாக முளைக்கும். வேரில் சீழ் கட்டினால், உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமலே பழுதாகலாம். இன்னொரு கொடுமை: 6 வயதில் பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல், எந்தப் பல்லும் விழாமலே வருவதால், அதையும் பால் பல் என்றே விட்டுவிடுகிறார்கள். அது போனால் போனதுதான்.

"வலிக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்பது அடுத்த பேச்சு. பால் பல்லின் எனாமல் மெல்லியது. வலி தெரியும்போது சொத்தை பெரும்பாலும் நரம்பை நெருங்கியிருக்கும். அதற்கு வெகுமுன்பே எச்சில் சொல்லிவிடும். சொத்தைக்கு முக்கியக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் கிருமியை கிளார்க் என்ற ஆய்வாளர் 1924இலேயே அடையாளம் காட்டிவிட்டார். எச்சிலில் அமிலம் உண்டாக்கும் கிருமிகள் எவ்வளவு என்று பார்க்கும் ஸ்னைடர் சோதனையில் குழந்தையின் எச்சிலைப் பச்சை நிற ஊடகத்தில் கலந்து 37 டிகிரி வெப்பத்தில் வைப்பார்கள். அந்தக் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் உண்டாக்க, பச்சை மஞ்சளாகும். ஒரே நாளில் மஞ்சளானால் சொத்தை வரும் வாய்ப்பு அதிகம். இதை மட்டும் வைத்து முடிவுகட்டவும் கூடாது. குழந்தை என்ன தின்கிறது, இரவில் பால் புட்டியோடு தூங்குகிறதா, தாய்க்குச் சொத்தை உண்டா என்பதையெல்லாம் சேர்த்தே மருத்துவர் கணிக்க வேண்டும்.

சோதனைக்கு வசதியில்லாவிட்டால் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டி, சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கிய வெள்ளைக் கோடு தெரிகிறதா? பால் படிந்த கறை என்று அதைத் துடைத்துவிட்டுப் போகிறோம். சொத்தையின் முதல் படி அதுதான். அந்தக் கட்டத்தில் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசி, ஒழுங்காகத் துலக்கி, இனிப்பைக் குறைத்தால் எனாமல் மீண்டும் இறுகும். விட்டுவைத்தால் அதே பல்லுக்காகக் குழந்தையை மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைக்கவும் நேரலாம். தடுப்பூசிக்குத் தேதி தவறாத பெற்றோர், முதல் பிறந்தநாளுக்குள் பல் மருத்துவரிடமும் பிள்ளையைக் காட்டியாக வேண்டும்.