அப்பத்தாவின் கேஸ் மாத்திரை

எங்கள் வீட்டு அடுப்படி அலமாரியில் பழைய ஹார்லிக்ஸ் புட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே வயிற்று அமிலத்தை அடக்கும் பான்டோப்ரசோல் அட்டைகள். எட்டு வருடமாக அது காலியானதே இல்லை. காலியாகாமல் பார்த்துக்கொண்டவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமான நாங்கள்தான்.

நெஞ்சு எரிகிறது என்று அப்பத்தா சொன்னபோது ஒரு மருத்துவர் சில வாரங்களுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை அது. பிறகு சீட்டே இல்லாமல், நாகமலை புதுக்கோட்டை கடைவீதியில் "கேஸ் மாத்திரை ரெண்டு அட்டை" என்று கேட்டு வாங்கினோம். எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்கவில்லை.

போன மார்கழியில் குளியலறை வாசலில், ஒரு சாண் உயரப் படியில் அப்பத்தா சறுக்கி உட்கார்ந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

இதே வருடங்களில் வேறொரு அமிலத்துக்குப் பயந்துகொண்டிருந்தோம். உடம்பு அமிலமானால் எலும்பைக் கரைத்துவிடும் என்று செல்போனில் வந்ததை நம்பி, அப்பத்தாவின் தயிரை நிறுத்தினோம், புளிக்குழம்பைக் குறைத்தோம், கார நீர் மெஷின் வாங்கினோம். ஆனால் ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நுரையீரலும் சிறுநீரகமும் பிடித்து வைத்திருக்கின்றன. சாப்பாட்டால் மாறுவது சிறுநீரின் பிஎச் அளவுதான். சிறுநீரகம் கெட்டு, அமிலத்தை வெளியேற்ற முடியாமல் போனால் அது எலும்பை அரிக்கும் என்பது உண்மை. ஆனால் பதினைந்து வருடச் சர்க்கரைக்காரியான அப்பத்தாவுக்கு நாங்கள் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்தது எலும்பு முறிந்த பிறகுதான்.

வயிற்று அமிலத்தை அடக்கும் இந்த வகை மாத்திரைகளை ஒரு வருடத்துக்கு மேலோ அதிக அளவிலோ சாப்பிட்டால் இடுப்பு, மணிக்கட்டு, முதுகெலும்பு முறியும் வாய்ப்பு கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-லேயே எச்சரித்திருக்கிறது. மாத்திரைதான் முறித்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. வயதும் சர்க்கரையும் சேர்ந்தே இருந்தன. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. கால்சியம் கார்பனேட் நன்றாகக் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் அமிலத்தை அடக்கும் மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே உள்ளங்கையில் வைத்து நீட்டியது நான்தான்.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். நூறு கிராம் கேழ்வரகிலேயே 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. அப்பத்தா ஆசைப்பட்டுக் கேட்ட கேப்பைக் கூழைக் கிண்ட எங்களுக்கு நேரமில்லை, இட்லியை வைத்தோம். நாங்கள் மட்டும் விடியற்காலையில் கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்துக்கு நடக்கப் போனோம். ஒரு காலத்தில் நாளெல்லாம் வெயிலில் களையெடுத்தவளை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டுத்தான் போனோம்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு புட்டி இருக்கும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று விட்டால் எரிச்சல் இன்னும் கூடலாம். இந்த வாரமே அந்த அட்டையை மருத்துவரிடம் கொண்டுபோய், இன்னும் எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். பெரியவர்களையும் கூடவே கூட்டிப் போங்கள்.