குழாயடியில் ஒரு பரீட்சை

விடியற்காலை நான்கு மணிக்கு ராயபுரத்துச் சந்துகளில் ஒரு சங்கீதக் கச்சேரி ஆரம்பமாகிறது. அடி பம்பு சுருதி கூட்ட, குடங்கள் தாளம் போட, வீட்டுக்கு வீடு மோட்டார்கள் ஆலாபனை செய்கின்றன. மெட்ரோ தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் அனுபவஸ்தர்கள் உடனே குடத்தை வைத்துவிட மாட்டார்கள். முதல் வாளி ஜலத்தை முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, சாக்கடையில் கொட்டிவிட்டு, இரண்டாவது வாளிக்குக் காத்திருப்பார்கள். குடிநீரை மூக்கினால் பரீட்சை செய்யும் வித்தையில் வடசென்னைவாசிகளை மிஞ்ச யாரும் இல்லை.

சென்ற மாதம் நம் வகுப்பில் நாலைந்து இடங்கள் காலியாகக் கிடந்தன. ஒருவனுக்கு வாந்திபேதி; இன்னொருவனுக்குக் காமாலை. "எல்லாம் தண்ணியாலதான், ஸார்!" என்றான் முதல் வரிசைப் பையன். பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நாம் யோசிக்கத் தொடங்கினோம்.

சென்னைக்கு நல்ல ஜலம் கொடுக்கும் முயற்சிக்கு வயது இருநூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. 1772-ல் காப்டன் பேக்கர் என்பவர் ஏழு கிணற்றிலிருந்து நீர் கொண்டு போனார். கிணறுகள் இருந்தது கறுப்பர் பட்டணத்தில். ஜலம் போனது வெள்ளைக்காரர் கோட்டைக்கு! பிறகு 1872-ல் கொசஸ்தலையாற்று நீரைத் தாமரைப்பாக்கத்தில் மறித்து, சோழவரம், புழல் ஏரிகளின் வழியாக ஊருக்குள் கொணர்ந்தார்கள். 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்தன. மேயராயிருந்த ஸத்தியமூர்த்தி அரும்பாடுபட்ட பூண்டி நீர்த்தேக்கம் 1944-ல் முடிந்தது. அதைக் கண்ணால் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். 1996-ல் கிருஷ்ணா நீர் வந்தது. 2010-ல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீரைக் கடலிலிருந்து எடுக்கும் ஆலை பிறந்தது.

இவ்வளவு பாடுபட்டுச் சுத்திகரித்த ஜலம் நம் வீட்டுக்குள் நுழையும்போது நாறுவானேன்?

குற்றம் புறப்படும் இடத்தில் அன்று; வழியில் இருக்கிறது. தெருவின் அடியில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அண்ணன் தம்பியைப்போல அருகருகே படுத்திருக்கின்றன. இரண்டுக்கும் வயதாகிவிட்டது; இரண்டிலும் விரிசல். குடிநீர்க் குழாயில் ஜலம் அழுத்தத்துடன் ஓடும் வரையில் விரிசல் வழியே நல்ல நீர் வெளியேறும்; நஷ்டந்தான், ஆனால் அபாயமில்லை. நீர் நின்று அழுத்தம் குறைந்ததும் கதை தலைகீழாகிறது. சுற்றியுள்ள சாக்கடை நீர் உள்ளே கசிகிறது. மறுநாள் முதல் வாளியில் வருவது அதுதான்.

கிணற்றை நம்பலாமென்றால் அதற்கும் வழியில்லை. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவின்றி உறிஞ்சியதால் கடல் உள்ளே புகுந்துவிட்டது. தண்டையார்பேட்டையிலோ, பூமிக்கடியில் சென்ற எண்ணெய்க் குழாய் கசிந்து, 2013-ல் வீட்டுக் கிணறுகளில் பெட்ரோலிய எண்ணெய் மிதந்தது!

நம் பள்ளி இரசாயன ஆசிரியரிடம் இதைச் சொன்னோம். "பையன்களை ஆளுக்கொரு புட்டி ஜலம் கொண்டுவரச் சொல்லுங்கள்" என்றார். சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்க்கும் குளோரின் கிருமிகளைக் கொன்றபின் சிறிதளவு மிஞ்சியிருக்க வேண்டும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது வேண்டுமென்பது இந்தியத் தரவிதி. அது மிஞ்சியிருந்தால், மருந்தில் சில துளிகள் விட்டதும் ஜலம் மஞ்சளாகும். வழியில் அழுக்குச் சேர்ந்திருந்தால் குளோரின் அதனுடன் போராடியே தீர்ந்துபோயிருக்கும், நிறம் மாறாது.

பல புட்டிகள் மஞ்சளாயின. மாறாதவற்றுள் ஒன்று ஸ்படிகம்போல் தெளிந்திருந்தது, வாசனையும் இல்லை. யாருடையது என்று சீட்டைப் பார்த்தோம். நம் வீட்டுப் புட்டி!

"ஸார், உங்கள் வீட்டுக் குழாயில் மோட்டார் வைத்திருக்கிறீர்களா?" என்று ஆசிரியர் மெதுவாகக் கேட்டார். வைத்திருந்தோம். தெருவில் எல்லோரும் வைத்திருக்கிறார்களே என்றுதான் வைத்தோம். அது தெருக் குழாயிலுள்ள ஜலத்தை மட்டும் உறிஞ்சவில்லை. அழுத்தத்தையும் உறிஞ்சிச் சாக்கடையை வா வா என்று அழைத்திருக்கிறது. கடைசி வீட்டுக்காரர்களுக்கு அளவும் குறைந்தது, தரமும் கெட்டது. காமாலையில் படுத்த பையன் நம் தெருக் கடைசி வீட்டுப் பையன். நம் மோட்டார்தான் காரணமென்று எந்தப் பரீட்சையும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

1854-ல் லண்டனில் காலரா பரவியபோது, டாக்டர் ஜான் ஸ்னோவின் வாதத்தைக் கேட்டு, பிராட் தெருப் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அன்று மாலை நாமும் மோட்டாரைக் கழற்றினோம். மறுநாள் குடம் நிரம்ப அரைமணி கூடுதலாயிற்று. வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பும் எழுந்தது.

பழைய குழாய்களை மாற்றுவதும், அழுத்தம் குறையாமல் நீர் விடுவதும் அதிகாரிகளின் கடமை; அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடிப்போம். ஆனால் மனு எழுத உட்காரும் முன், அவரவர் வீட்டு வாசலில் 'கொர்' என்று ஒரு சத்தம் கேட்கிறதா என்று கொஞ்சம் காது கொடுத்துப் பார்க்கலாம் அல்லவா?