எந்த ஸ்பீடு, பாஸ்?

"எஞ்சின் ஃபுல் ஸ்பீடு எடுக்க மாட்டேங்குது."

இந்த ஒரு வரியை மட்டும் கொடுத்து என்ன காரணம்னு கேட்டால், நாலு வருஷம் மெக்கானிக்கல் படித்த நாம் உடனே பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவோம். ஃபில்டர் அடைப்பு. இன்ஜெக்டர் போச்சு. இசியு பிரச்சனை. பதிலுக்கு "எந்த ஸ்பீடு?" என்று திருப்பிக் கேட்பவர் வகுப்பில் இரண்டு பேர் இருந்தால் அதிகம்.

இதைப் பேச நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் ஜெட் படகு. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு ஜெட் படகா என்று சிரிக்காதீங்க. எண்ணூரைத் தாண்டினால் காட்டுப்பள்ளி. அங்கேயும் குஜராத்தில் ஹஜீராவிலும் எல் அண்ட் டி கட்டி இந்தியக் கடலோரக் காவல் படைக்குக் கொடுத்த இண்டர்செப்டர் படகுகள் வாட்டர்ஜெட்டில்தான் ஓடுகின்றன, சுமார் 45 நாட் வேகத்தில். பீச்சில் காசு கொடுத்து ஒரு ரவுண்டு போகிறோமே, அந்த வாட்டர் ஸ்கூட்டரும் அதே தத்துவம்தான். முக்கியமான காரணம் இன்னொன்று: நம்ம தெர்மல் லேபையும் ஃப்ளூயிட் மெஷினரி லேபையும் ஒரே ஷாஃப்ட்டில் மாட்டினால் கிடைப்பதுதான் ஜெட் படகு. முன்னாடி எஞ்சின், பின்னாடி பம்ப்.

படகின் அடியில் ஒரு கம்பி வலை, அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும். இம்பெல்லர் அதை அழுத்தி, பின்பக்கம் நாசில் வழியாகப் பீய்ச்சி அடிக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ப்ரொப்பெல்லர் கிடையாது, அதனால் முழங்கால் ஆழத் தண்ணீரிலும் ஓடும். நியூசிலாந்தின் கூழாங்கல் ஆறுகளுக்காக பில் ஹாமில்டன் 1950களில் உருவாக்கிய வடிவம் இது. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1977இல் மூன்று ஜெட் படகுகளை எடுத்துக்கொண்டு, கங்கை கடலில் கலக்கும் இடத்திலிருந்து எதிர்நீச்சலாக இமயமலை வரைக்கும் போனார். நந்தப்பிரயாகை அருகே ஓர் அருவிதான் படகுகளை நிறுத்தியது. (இதை ஃப்ளூயிட் பாடத்தில் ஒரு நிமிஷம் சொல்லியிருந்தால் பாதி வகுப்பு தூங்கியிருக்காது.)

சரி, "எந்த ஸ்பீடு" என்பதற்கு வருவோம். படகு வேகமாகப் போகவில்லையா, இல்லை எஞ்சின் ஆர்.பி.எம். ஏறவில்லையா? இரண்டும் வேற வேற நோய்.

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் எந்த மெக்கானிக்கிடம் வேண்டுமானாலும் கேளுங்க, "ரேஸ் ஆகுது, ஆனா வண்டி போகல" என்றால் க்ளட்ச் ஸ்லிப் என்று யோசிக்காமல் சொல்வார். ஜெட் படகிலும் அதே கதை. ஆர்.பி.எம். வழக்கத்துக்கு மேலே ஏறுது, படகு மட்டும் மந்தமாகப் போகுது என்றால் எஞ்சினைத் தொடாதீங்க. பம்புக்கு ஒழுங்காகத் தண்ணீர் போகவில்லை, அல்லது போன தண்ணீர் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. வலையில் பிளாஸ்டிக் கவர், ஆகாயத்தாமரைத் தண்டு சிக்கியிருக்கலாம். கொரட்டூர் ஏரியைப் பார்த்தவர்களுக்கு ஆகாயத்தாமரை பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சீல் வழியாகக் காற்று உள்ளே போகலாம். அல்லது இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியுள்ள வேர் ரிங்குக்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளி மணல் அரித்து அகலமாகியிருக்கலாம். கல் பட்டு இம்பெல்லர் விளிம்பு நசுங்கினாலும் பம்ப் பிடிமானத்தை இழக்கும்.

மாறாக, ஆர்.பி.எம்.மே ஏறவில்லை என்றால் கதை வேறு. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது.

பம்ப் அஃபினிட்டி லாஸ் ஞாபகம் இருக்கா? ரெண்டு மார்க் கேள்வியாக எழுதிவிட்டு மறந்தோமே, அதுதான். பம்ப் இழுக்கும் பவர், ஆர்.பி.எம்.மின் க்யூபுக்கு நேர்விகிதம். ப்ரொப்பெல்லர் படகில் எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள், படகு எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதைப் பொறுத்து எஞ்சின் மேல் லோடு கணிசமாக மாறும். ஜெட்டில் அப்படி இல்லை. நல்ல தண்ணீர் கிடைக்கும்வரை படகு நின்றாலும் ஓடினாலும் பம்ப் கிட்டத்தட்ட ஒரே பவரைத்தான் கேட்கும். அதாவது படகில் இருக்கும் டாக்கோமீட்டரே உங்கள் டைனமோமீட்டர்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். 4000 ஆர்.பி.எம். எடுக்க வேண்டிய எஞ்சின் 3600இல் நிற்கிறது. "பத்து பெர்சென்ட்தானே கம்மி" என்று தோன்றும். ஆனால் 0.9இன் க்யூப் 0.729. அப்படியென்றால் பம்புக்குப் போய்ச் சேரும் பவரில் 27 சதவீதத்தைக் காணோம். நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டர் முழுசாகச் செத்தால் வரும் இழப்பின் பக்கத்தில் இருக்கிற எண் இது. 3900இல் நின்றால் இழப்பு 7 சதவீதம்தான். அதற்கு ஒரு அழுக்கு ஃபில்டர் போதும். ஸ்பேனரை எடுக்கும் முன்பே, தேட வேண்டியது சின்னத் திருடனா பெரிய திருடனா என்று தெரிந்துவிட்டது.

முதலில் சந்தேகப்பட வேண்டியது டாக்கோமீட்டரைத்தான். லேபில் இருக்கும் கையடக்க டாக்கோவை வைத்து ஒத்துப் பாருங்க. அடுத்து, சமீபத்தில் யாராவது இம்பெல்லர் மாற்றினார்களா என்று விசாரிக்கணும். பிட்ச் அதிகமான இம்பெல்லர் போட்டால் நல்ல எஞ்சினும் மேலே ஏறாது. ஷாஃப்ட்டில் கயிறு சுற்றியிருந்தாலும் அப்படித்தான். அப்புறம் காசே செலவில்லாத சோதனை: எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் த்ராட்டிலை முழுசாகத் தள்ள, இன்னொருவர் த்ராட்டில் பிளேட் முழுசாகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேபிள் தளர்ந்து முக்கால்வாசிதான் திறக்கிறது என்றால் கதை அங்கேயே முடிந்தது.

எரிபொருள் பக்கம் போனால், டேங்க் வென்ட் அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் வராது. மூடியைக் கொஞ்சம் தளர்த்தியதும் ஆர்.பி.எம். திரும்பி வந்தால் குற்றவாளி வென்ட். இப்போது நம்ம ஊர் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் சும்மா கிடக்கும் படகின் டேங்கில் தண்ணீர் அதிகம் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதானே.

ஒரு சிக்கலான வழக்கும் உண்டு. பல ஜெட் படகுகளில் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர், அந்த ஜெட் பம்பிலிருந்தே வருகிறது. மணலோ தண்டோ அந்தச் சின்னக் குழாயை அடைத்தால் எஞ்சின் சூடாகும், இசியு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஆர்.பி.எம்.மைக் கீழே இறக்கிவிடும். நோய் பம்ப் பக்கம், அறிகுறி எஞ்சின் பக்கம். பத்து நிமிஷம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு சுணங்கினால் இதைத்தான் முதலில் பார்ப்பேன். "ஷெட்ல நல்லாத்தான் சார் ஓடுச்சு" என்பதற்கு இங்கே மதிப்பே கிடையாது. தரையில் பம்புக்கு லோடு இல்லை, எந்த நோஞ்சான் எஞ்சினும் சீறும்.

இவ்வளவையும் எதற்குச் சொன்னேன் என்றால், இதில் நமக்குப் புதுசு என்று எதுவும் இல்லை. மோர்ஸ் டெஸ்ட் செய்தோமே? ஒவ்வொரு சிலிண்டராக கட் ஆஃப் பண்ணி, ஸ்பீடைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, இண்டிகேட்டட் பவர் கண்டுபிடித்து ரெக்கார்டில் எழுதினோம். ஒரு மெக்கானிக் செத்த சிலிண்டரைக் கண்டுபிடிப்பதும் அச்சு அசல் அதே முறையில்தான்: ஒரு சிலிண்டரை நிறுத்தும்போது எஞ்சின் தடுமாறினால் அது உயிரோடு இருக்கு, எதுவும் மாறவில்லை என்றால் அதுதான் ஆள். நம்மிடம் இதை யாராவது சொன்னார்களா? சென்ட்ரிஃப்யூகல் பம்ப் கேரக்டரிஸ்டிக்ஸ் கர்வ் வரைந்தோம். டெலிவரி வால்வைத்தான் திருகினோம், சக்ஷன் பக்கம் திணறினால் என்ன ஆகும் என்று பார்த்ததே இல்லை.

நம்ம லேபில் இருக்கும் எல்லா எஞ்சினும் ஆரோக்கியமானவை. கோளாறு வந்தால் "அவுட் ஆஃப் ஆர்டர்" என்று அட்டை தொங்கும், டெக்னீஷியன் அண்ணா சரிசெய்வார், அதுவரை நாம் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதுவோம். டாக்டருக்குப் படிப்பவர்களை வார்டில் நோயாளியிடம் அனுப்புகிறார்கள். நமக்கு மட்டும் நோயே இல்லாத எஞ்சினைக் காட்டி, அவுட் ஆஃப் ஆர்டர் அட்டை விழுந்ததும் கதவைச் சாத்திவிடுகிறார்கள். இத்தனைக்கும் பக்கத்தில்தான் டாங்கி எஞ்சின் செய்யும் ஆவடி எஞ்சின் ஃபேக்டரி இருக்கு, நூற்றுக்கணக்கான ஷாப்கள் இருக்கும் அம்பத்தூர் எஸ்டேட் இருக்கு. கோர் கம்பெனி வேலை வேணும்னு புலம்புகிறோம், கோர் இன்டர்வியூவில் "மெஷின் பவர் வரல, முதல்ல எதைப் பார்ப்பே?" என்று கேட்டால் டெஃபனிஷன் சொல்கிறோம்.

என் கோரிக்கை பெருசு இல்லை. தெர்மல் லேபில் ஓரமாகக் கிடக்கும் பழைய பெட்ரோல் எஞ்சின் ஒன்றை எடுத்து, வாரம் ஒரு கோளாறைத் திட்டமிட்டு வைக்கணும். த்ராட்டில் கேபிளைத் தளர்த்துவது, ஏர் ஃபில்டரில் துணி, ஒரு பிளக்கின் கேப்பைக் கூட்டுவது மாதிரி. என்ன வைத்தார்கள் என்று டெக்னீஷியன் அண்ணாவுக்கு மட்டும் தெரியும். மாணவர் எதையும் கழற்றும் முன், எதைச் சந்தேகப்படுகிறேன், எந்த ரீடிங் வந்தால் அந்தச் சந்தேகம் தப்பு என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கணும். மார்க் அதற்குத்தான், சரியாகக் கண்டுபிடித்ததற்கு இல்லை.

"சேஃப்டி" என்பார்கள். எரிபொருள் கசிவு, பிரேக் மாதிரி எதையும் தொடாமலே பத்துப் பன்னிரண்டு கோளாறு வைக்க முடியும். "சிலபஸில் இல்லை" என்பார்கள். மோர்ஸ் டெஸ்ட் சிலபஸில்தானே இருக்கு? அதைச் செத்த சிலிண்டர் உள்ள எஞ்சினில் செய்யக் கூடாது என்று எந்த சிலபஸும் சொல்லவில்லை. "ரீடிங் எல்லாருக்கும் ஒரே மாதிரி வராதே, எப்படி மார்க் போடுவது?" என்பதுதான் உண்மையான தயக்கம் என்று நினைக்கிறேன். எல்லாருக்கும் ஒரே ரீடிங் வரும் லேபில் இப்போது எப்படி மார்க் போடுகிறார்கள் என்பது நம் எல்லாருக்கும் தெரியும்.

கடைசி செமஸ்டரில் எங்களுக்கு இனி லேப் கிடையாது. செகண்ட் இயர், தேர்டு இயர் மக்களே, டிபார்ட்மென்ட்டுக்குக் கொடுக்க ஒரு கடிதம் எழுதி, வைக்கலாம் என்று தோன்றும் பன்னிரண்டு கோளாறுகளின் பட்டியலோடு உங்கள் கிளாஸ் ரெப்புகளிடம் கொடுத்திருக்கிறேன். படித்துப் பாருங்க. ஒன்பதாவது கோளாறு கொஞ்சம் கஷ்டம், அதை நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.