ஒரு குவளைக் காப்பியும் விடியற்காலைத் திருப்பலியும்



மதுரையில் தனித்து வாழும் மூதாட்டியர் சிலர் ஒருவருக்கு மட்டுமேயான சிறு பித்தளை வடிகட்டியில் காப்பி இறக்குவர். மேற்பாத்திரத்தில் தூளிட்டு, காம்புள்ள தட்டினால் மெல்ல அழுத்தி, கொதிநீர் வார்க்க வேண்டும். மிகுதியாய் அழுத்தினால் டிகாஷன் இறங்காது. அழுத்தாவிடில் சாரமின்றி ஓடிவிடும்.

நோன்பும் அத்தகையதே. பூசைக்குப் பின்னரே காப்பி என்று வளர்ந்த அம்மூதாட்டியர், இன்றும் வெறும் வயிற்றோடு விடியற்காலைத் திருப்பலிக்கு வந்து தலைசுற்றி அமர்வதைக் காண்கிறோம்.

நள்ளிரவு முதல் உண்ணலாகாது என்றிருந்த நற்கருணை நோன்பைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-இல் மூன்று மணி நேரமாகக் குறைத்தார். ஆறாம் சின்னப்பர் 1964-இல் ஒரு மணி நேரமாக்கினார். தண்ணீரும் மருந்தும் நோன்பை முறிப்பதில்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 919-ஆம் விதியோ, முதியோரும் நோயுற்றோரும் அவர்களைப் பேணுவோரும் அந்த ஒரு மணி நேரத்திற்குள் சிறிது உண்டிருந்தாலும் நன்மை வாங்கலாம் என்கிறது.

ஆகவே பிள்ளைகளே, இதனை அவர்களுக்கு அன்போடு எடுத்துரையுங்கள். வருகிற ஞாயிறன்று நீங்களே காப்பி இறக்கிக் கொடுத்து, கைப்பிடித்துக் கோயிலுக்கு அழைத்து வாருங்கள். அதுவும் ஒரு காணிக்கையே.