சுருட்டுக்கு மெத்தை, பீடிக்கு அபராதம்!



சரக்கு விஷயமாகச் சென்னைக்குப் போய்வரும் நம் சகோதரர்கள் சிலரின் பேச்சில் அண்மைக்காலமாக ஒரு புதுச் சொல் அடிபடுகிறது. ‘சிகார் லவுஞ்ச்’! எந்த ஹோட்டலில் இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், எந்த உடுப்பில் போனால் உள்ளே விடுவார்கள் என்று விசாரித்து வைத்திருக்கிற வாலிபர்கள் திருநாவலூரிலும் இருக்கிறார்கள், உளுந்தூர்பேட்டையிலும் இருக்கிறார்கள். “அங்கே போய் உட்கார்ந்தால்தான் ஹஜ்ரத், பெரிய பார்ட்டிகளைப் பிடிக்க முடியும்” என்று முந்திரி வியாபாரம் செய்யும் ஒரு தம்பி நம்மிடமே சொன்னார். சொன்னவரைக் குறை கூற வரவில்லை. அவர் பிழைப்பு அவருக்கு. ஆனால் போகிற இடம் எது என்று தெரிந்துகொண்டு போக வேண்டாமா?

கிண்டியில் 2012ஆம் ஆண்டு ஐ.டி.சி. குழுமம் திறந்த கிராண்ட் சோழா ஹோட்டலை அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே விஸ்கிக்கும் சுருட்டுக்கும் என்றே ஒதுக்கப்பட்ட கூடத்திற்கு வைத்த பெயர் ‘செரூட்’. இது என்ன மொழி? தமிழ்! நம்முடைய ‘சுருட்டு’தான் ஐரோப்பியன் வாயில் புகுந்து செரூட் ஆகித் திரும்பி வந்திருக்கிறது. நம் ஊர் டீக்கடை பெஞ்சில் கிழவர் பற்றவைத்தால் முகம் சுளிக்கிறோம். அதே பொருளுக்கு ஆங்கிலப் பெயர் சூட்டி, தோல் சோபா போட்டு, தேவதாரு மரப்பெட்டியில் ஈரப்பதம் குறையாமல் அடுக்கி, நுனியை வெட்டித் தர ஒரு ஆளையும் நிறுத்தினால் அது அந்தஸ்து! இந்தக் குழுமத்தின் பூர்வீகத்தையும் சொல்லிவிடுவோம். 1910இல் கல்கத்தாவில் ‘இம்பீரியல் டொபாக்கோ’ என்ற பெயரில் தொடங்கிய வெள்ளைக்காரன் புகையிலைக் கம்பெனி அது. ஹோட்டல் தொழிலை 2025இல்தான் தனிக் கம்பெனியாகப் பிரித்தார்கள்.

சுருட்டு நமக்குப் புதிதல்ல. திருச்சி உறையூரில் சுற்றிய சுருட்டு கப்பலேறி லண்டன் போனது. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த இடத்துச் சாம்பலைப் பார்த்தே இது திருச்சி சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனி சுருட்டுத் தொழிற்சாலையே நடத்தியது. புகைத்த துரைமார்களின் பெயர்கள் சரித்திரத்தில் இருக்கின்றன. சுற்றிய கைகளின் பெயர் எங்கே இருக்கிறது?

கியூபா சுருட்டு என்றால் இன்று லவுஞ்சுகளில் தனி மரியாதை. 1962இல் கியூபா மீது வணிகத் தடை விதித்த அமெரிக்க அதிபர் கென்னடி, கையெழுத்துப் போடுவதற்கு முதல் நாள் தன் உதவியாளரை அனுப்பி ஆயிரத்துக்கும் அதிகமான கியூபா சுருட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார். ஊருக்குத் தடை, தனக்கு இருப்பு! ஏகாதிபத்தியத்தின் லட்சணம் இதுதான். வாயில் சுருட்டு இல்லாமல் படமே இல்லை என்றிருந்த ஃபிடல் காஸ்ட்ரோவோ 1985இல் அதைத் தூக்கி எறிந்துவிட்டார். உலக சுகாதார நிறுவனம் அதற்காக அவருக்குப் பதக்கம் கொடுத்தது.

“சிகரெட் மாதிரி இல்லை ஹஜ்ரத், இதில் புகையை உள்ளே இழுப்பதில்லை” என்கிறார்கள். சிகரெட் ஒன்றில் ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலை. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் உள்ள அளவு புகையிலை இருக்கக்கூடும். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அதை வாயில் வைத்திருக்கிறார்கள். நிகோடின் வாயின் சவ்வு வழியாகவே இரத்தத்தில் கலக்கிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அது போதும்.

மார்க்கம் என்ன சொல்கிறது? நபி (ஸல்) அவர்கள் காலத்தில் அரபு மண்ணில் புகையிலை இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்காலத்தில் வந்தது. ஜஹாங்கீர் 1617இல் தடுத்துப் பார்த்தார். உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் 1633இல் தடை போட்டார். மக்ரூஹ் என்ற உலமாக்களும் உண்டு, ஹராம் என்றவர்களும் உண்டு. மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 1995இல் ஹராம் என்றே அறிவித்தது. பூண்டும் வெங்காயமும் தின்ற வாடையோடு பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று கட்டளையிட்ட மார்க்கம், இந்த நாற்றத்தோடு வருகிறவனை என்ன சொல்லும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சர்ச்சையை நாம் இங்கே முடிக்கப் போவதில்லை. லவுஞ்சில் சர்ச்சைக்கு இடமில்லாத ஒன்று மேஜை மேலேயே இருக்கிறதே! சுருட்டோடு விஸ்கி என்பதுதான் அந்த இடத்தின் ஏற்பாடு. “நான் குடிக்கவில்லை, புகைக்கவும் இல்லை, சும்மா கூட உட்கார்ந்திருந்தேன்” என்று அந்த முந்திரி வியாபாரத் தம்பி சொன்னார். மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாம் என்பது நபிமொழி. கோப்பையைத் தொட்டவனுக்கு மட்டும் சொன்னதல்ல, கூட உட்கார்ந்தவனுக்கும் சேர்த்துத்தான். வியாபாரி என்ன செய்வது? காலையில் பார்ட்டியின் ஆபீசுக்குப் போங்கள். மதியச் சாப்பாட்டுக்குத் திருவல்லிக்கேணிக்கு அழையுங்கள். “மாலையில் எனக்கு வசதிப்படாது” என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். இதனால் ஒரு ஆர்டர் கைநழுவலாம். நழுவாது என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். ரிஸ்க் கொடுப்பவன் அந்த சோபாவில் உட்கார்ந்திருக்கவில்லை.

இனி அரசாங்கத்திடம் வருவோம். 2003ஆம் ஆண்டு மத்தியப் புகையிலைச் சட்டம் பொது இடத்தில் புகைப்பதைத் தடுக்கிறது. உளுந்தூர்பேட்டை பஸ் நிலையத்தில் பீடி பற்றவைக்கிற கூலித் தொழிலாளிக்கு 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. நல்லது, போடட்டும்! ஆனால் அதே சட்டத்தின் நான்காம் பிரிவு, 30 அறைகளுக்குக் குறையாத ஹோட்டலும் 30 பேருக்குக் குறையாமல் அமரும் உணவகமும் விமான நிலையமும் புகைக்கத் தனி இடம் வைத்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்து விடுகிறது. தமிழக சட்டமன்றம் 2022இல் ஹூக்கா பார்களைத் தடைசெய்து, நடத்துகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்றது. நாம் அதை வரவேற்கிறோம். நம் பிள்ளைகள் ஹூக்கா குழாயைப் பிடித்துக்கொண்டு அதை ‘அரபுக் கலாச்சாரம்’ என்று பீற்றிக்கொண்ட வெட்கக்கேடு ஒழிந்தது. ஆனால் ஹூக்காவின் புகை விஷம், நட்சத்திர ஹோட்டல் சுருட்டின் புகை மட்டும் சாம்பிராணியா? நுரையீரலுக்கு நட்சத்திர அந்தஸ்து தெரியுமா?

இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2024 ஜூனில் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. போதைப் பொருள் ஏழையிடம் போகும்போது பிணமாகத்தான் வெளியே தெரிகிறது. பணக்காரனிடம் போகும்போது மட்டும் அதற்கு உரிமமும் குளிர்சாதனமும் கிடைக்கின்றன.

இன்னொரு பக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. மேலப்பாளையத்திலும் குடியாத்தத்திலும் மடியில் முறம் வைத்துப் பீடி சுற்றுகிற பெண்களில் நம் சகோதரிகள் ஏராளம். 1966ஆம் ஆண்டு வந்த தொழிலாளர் சட்டத்தின் பெயரே பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம்தான். புகையிலை ஒழிய வேண்டும் என்று மேடையில் பேசுகிற நாம், அவர்கள் கைக்கு மாற்றுத் தொழில் எது என்பதையும் அதே மேடையில் பேச வேண்டும். அதைப் பேசாமல் தடை மட்டும் கேட்பது அந்தச் சகோதரிகளுக்குச் செய்கிற அநியாயம்.

ஹோட்டல், உணவகங்களின் புகை அறைகளை நீக்கும் திருத்த வரைவு ஒன்றை மத்திய சுகாதார அமைச்சகம் 2021 தொடக்கத்தில் மக்கள் கருத்துக்கு வைத்தது. அது சட்டமாகவில்லை. அந்த வரைவை மீண்டும் எடுத்து, நான்காம் பிரிவின் விலக்கை நீக்க வேண்டும். பீடித் தொழிலாளர் குடும்பங்களுக்கு மாற்றுத் தொழிலுக்கான பயிற்சியும் கடனும் தர வேண்டும். இவ்விரு கோரிக்கைகளோடு மனு தயாராகியிருக்கிறது. வரும் ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு உங்கள் மஹல்லாவில் நம் சகோதரர்கள் அதை எடுத்து வருவார்கள், இன்ஷா அல்லாஹ். கையெழுத்திடுங்கள். கடைக்காரர்கள் கடை முத்திரையையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.