'இயல்புநிலை' எனும் மங்கல வழக்கு

'டிஃபால்ட்' என்பதற்குக் கணினித் தமிழில் இரண்டு சொற்கள் புழங்குகின்றன: இயல்புநிலை, முன்னிருப்பு. உலாவியின் அமைப்புப் பக்கத்தைத் தமிழில் திறப்பவர் பெரும்பாலும் எதிர்கொள்வது முதலாவதையே. இயல்புநிலை உலாவி, இயல்புநிலைத் தேடுபொறி என்று அது இயல்பாகவே கண்ணில் படுகிறது. யாரும் உறுத்தலாக உணர்வதில்லை. கலைச்சொற் பட்டறைகளில் இத்தகைய தேர்வுகள் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். விலை கொடுத்து வாங்கப்பட்ட ஓர் இடத்தை இயற்கையின் ஏற்பாடாகக் காட்டும் சொல் இவ்வளவு எளிதாக நுழைந்ததைத் தமிழ் இலக்கணம் கற்றோரும் மொழியியல் கற்றோரும் வாளா பார்த்திருந்ததுதான் வியப்பு.

'இயல்பு' தமிழில் வெறுஞ்சொல் அன்று. நன்னூல் வழியில், நிலைமொழியும் வருமொழியும் எம்மாற்றமும் இன்றிச் சேர்வது இயல்பு புணர்ச்சி, பொன்மலை எடுத்துக்காட்டு. எழுத்துத் தோன்றியோ திரிந்தோ கெட்டோ சேர்வது விகாரப் புணர்ச்சி; பொன்னும் குடமும் பொற்குடம் ஆவது போல. ஆக, எவர் கையும் படாதது இயல்பு. இந்தப் பொருளோடு அச்சொல்லை உலாவிக்குள் கொண்டுபோனால், நிறுவனம் வைத்த பக்கம் இயல்பாகிறது. அதை மாற்ற முனையும் மாணவர் விகாரம் செய்பவர் ஆகிறார். பிராக் மொழியியலார் ட்ருபெட்ஸ்கோயும் யாக்கப்சனும் வகுத்த குறியுடைமைக் கோட்பாட்டிலும் இதே சாய்வு உண்டு: குறியற்ற உறுப்பு தானாக வந்து நிற்கும், குறியுற்றதற்கே காரணம் கேட்கப்படும். ஆனால் மொழியில் குறியற்றது எது என்பது தலைமுறைகளின் பேச்சில் படிந்து உருவாவது. அதை ஏலத்தில் எடுத்தவர் எவருமில்லை.

ஆங்கிலச் சொல்லின் வரலாறு இதைவிட நேர்மையானது. 'டிஃபால்ட்' குறைவு, தவறுதல் என்னும் பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நீதிமன்றத்தில் பிரதிவாதி வந்து நிற்கத் தவறினால் அவர் இல்லாமலே வழங்கப்படும் தீர்ப்புக்கும் அதுவே பெயர். ஒருவர் வரவில்லை, ஆகவே மற்றவர் வென்றார் என்ற செய்தி அச்சொல்லுக்குள் இன்னும் இருக்கிறது. தமிழாக்கத்தில் அந்தச் செய்தி துடைக்கப்பட்டுவிட்டது. வழக்கை இயல்பு என்றும் தகுதி என்றும் பிரிக்கும் நன்னூலார், தகுதி வழக்கினுள் மங்கலத்தை வைப்பார். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். 'இயல்புநிலை' என்ற சொல், பெயரில் இயல்பைத் தாங்கினாலும், இனத்தால் மங்கல வழக்கே.

எதை மறைக்கும் மங்கலம் என்பதற்கு இப்போது நீதிமன்றப் பதிவே இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்க மாவட்ட நீதிபதி அமித் மேத்தா, தேடல் சந்தையில் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தைத் தக்கவைத்தது என்று தீர்ப்பளித்தார். உலாவிகளிலும் கைபேசிகளிலும் தன் தேடுபொறியே முன்கூட்டி அமர்ந்திருக்க வேண்டும் என்பதற்காக அந்நிறுவனம் 2021ஆம் ஆண்டில் மட்டும் 2,630 கோடி டாலர் செலுத்தியது அவ்வழக்கில் வெளிவந்தது. இயல்பாக இருப்பதற்கு எவரும் வாடகை தருவதில்லை. 2025 செப்டம்பரில் அதே நீதிபதி தனியுரிமை ஒப்பந்தங்களைத் தடுத்தார். பணம் கொடுப்பதை முற்றாகத் தடுக்கவில்லை.

இவ்வழக்கில் ஹைதராபாத்துக்கும் தமிழுக்கும் ஆளுக்கொரு சாட்சி உண்டு. ஹைதராபாத்தில் பிறந்து பேகம்பேட்டையின் ஹைதராபாத் பப்ளிக் பள்ளியில் படித்த சத்ய நாதெள்ளா 2023 அக்டோபரில் வாஷிங்டனில் சாட்சியம் அளித்தார். பயனர்க்குத் தெரிவு இருக்கிறது என்ற வாதத்தை அவர் அறவே ஏற்கவில்லை. முன்கூட்டி அமர்த்தப்பட்டதுதான் வெல்கிறது என்பதே அவர் நிலைப்பாடு. அதே மாதத்தில், சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை அந்தக் கட்டணங்களை ஆதரித்துச் சாட்சி சொன்னார். இனி முந்தைய ஏட்டைப் புரட்டினால், 2006இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 7 தன் தேடற் பெட்டியில் எம்எஸ்என்னை அமர்த்தியபோது ஒழுங்குமுறை அமைப்புகளிடம் முறையிட்டது கூகுள். பயனர்க்கு உலாவித் தெரிவுத் திரையைக் காட்டுவதாக ஐரோப்பிய ஆணையத்துக்கு வாக்களித்துவிட்டு, விண்டோஸ் 7இன் மேம்படுத்தல் ஒன்றில் அதைக் கைவிட்டு, 2013 மார்ச்சில் 56.1 கோடி யூரோ தண்டம் பெற்றது மைக்ரோசாஃப்ட். அதன் எட்ஜ் உலாவியில் புதிய தாவல் இன்றும் அந்நிறுவனத்தின் செய்தி ஓடையோடும் பிங் பெட்டியோடும்தான் விரிகிறது. இடம் பிடித்தவர் 'மாற்றிக்கொள்ளலாமே' என்கிறார். இடம் இழந்தவர் 'யாரும் மாற்றுவதில்லை' என்கிறார். இருக்கை மாறினால் வசனமும் மாறுகிறது. இருவருக்கும் ஹைதராபாத்தின் மேற்கே பெரும் வளாகங்கள் உண்டு. மொழியியலும் மொழித்தொழில்நுட்பமும் பயிற்றும் கல்விநிலையங்களும் அதே கச்சிபௌலிப் பகுதியில் இருக்கின்றன. இரு தரப்பின் வசனங்களையும் அருகிருந்து கேட்கும் வாய்ப்பு பெற்ற கல்விப்புலம் அது.

'மாற்றிக்கொள்ளலாமே' என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போர் குறைவு. குரோம் உலாவியில் 'முகப்பு' என்ற ஒரு பொருள் கிடையாது. அது மூன்றாக உடைந்துள்ளது. உலாவியைத் திறந்தவுடன் வருவது தொடக்கப் பக்கம்: புதிய தாவல், விட்ட இடத்திலிருந்து தொடர்தல், குறிப்பிட்ட பக்கங்கள் என மூன்று தெரிவுகள். முகப்புப் பொத்தான் வேறு; கணினியில் அது தொடக்கத்தில் மறைந்தே இருக்கும், அமைப்புக்குள் போய் வெளிக்கொணர வேண்டும். மூன்றாவது, ஒரு நாளில் பலமுறை திறக்கும் புதிய தாவல் பக்கம். அதற்கு வேறொரு முகவரி தர அமைப்புப் பக்கத்தில் வழியே இல்லை; தனி நீட்சி நிறுவ வேண்டும். மிகுதியாகப் பார்க்கப்படும் பக்கம் எதுவோ அதுவே மாற்ற இயலாத பக்கம். பயர்பாக்ஸ் இவ்வகையில் சற்றுத் தாராளம், ஆனால் புதிய தாவலில் தன் பக்கம் அல்லது வெற்றுப் பக்கம் என்ற அளவில் அதுவும் நின்றுவிடுகிறது. அதன் வருவாயின் பெரும்பகுதி கூகுளிடமிருந்தே வருகிறது என்பது தனிக் கதை.

சொந்த மடிக்கணினி வைத்திருப்பவர்க்கே நிலை இதுவென்றால், பல்கலைக்கழகக் கணினிக்கூடத்தில் 'மாற்றிக்கொள்ளலாமே' என்பது கேலி. பொதுக் கணினியில் ஒருவர் செய்த மாற்றம் மறுதொடக்கத்தில் அழியும், அல்லது அடுத்தவர் தலையில் விழும். வீட்டில் கணினி இல்லாத முதல் தலைமுறை மாணவர் ஆய்வு என்ற ஒன்றைத் தொடங்குவது அந்தத் திரையில்தான். அவருக்குப் பல்கலைக்கழகம் காட்டும் முதற்பக்கம் ஒரு விளம்பர நிறுவனத்தின் பெட்டி. அதில் ஒரு சங்கநூலின் பெயரை இட்டால் முதலில் வருவது பதிப்பா, தேர்வுக் குறிப்பா என்பதும் அந்நிறுவனத்தின் முடிவு.

எதாவது ஒன்று முதலில் இருந்துதானே ஆகவேண்டும் என்பர். ஆம், ஆகவேண்டும், வெற்றுப் பக்கமும் ஒரு முடிவுதான். நிறுவனம் வைத்தால் திணிப்பு, நூலகம் வைத்தால் மட்டும் விடுதலையா என்றும் கேட்பர். நல்ல கேள்வி. இரண்டும் திணிப்பே, ஆனால் ஒன்றைக் கேள்வி கேட்கலாம். அரசுப் பல்கலைக்கழகத்தின் நூலகக் குழு எடுத்த முடிவின் குறிப்பேட்டை 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். அடுத்த கூட்டத்தில் மாற்றச் சொல்லிப் போராடலாம். கலிஃபோர்னியா ஒப்பந்தத்தின் தொகையை அறிய உலகம் ஒரு வழக்கின் விசாரணை வரை காத்திருக்க நேர்ந்தது.

வழியும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. தனிப் பயனர்க்குக் குரோம் மறுக்கும் அந்தப் புதிய தாவல் மாற்றத்தை நிறுவனங்களின் மேலாண்மைக் கொள்கை வழியே செய்ய முடியும். தொடக்கப் பக்கம், முகப்பு, புதிய தாவல் மூன்றையும் கூடத்தின் எல்லாக் கணினிகளிலும் ஒரே நேரத்தில் அமைக்கலாம். அங்கு வைக்கத் தகுந்தவை இல்லாமலும் இல்லை: நூலகத்தின் பட்டியல், ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா, தமிழ் மாணவர்க்கு 1998 முதல் நூல்களை மின்வடிவாக்கி வரும் மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்றாண்டுக்கென ஒன்றிய அரசு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசுக் கல்விநிலையங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. இவ்வளவு செலவில் கட்டிய நூலகத்தின் வாசற்கதவை அயலார் கடைக்குள் வைத்திருப்பதை என்ன சொல்லி அழைப்பது? இயல்புநிலை என்றா?

கலைச்சொற் குழுக்கள் 'முன்னிருப்பு' என்பதற்குத் திரும்பலாம். 'முன்வைப்பு' இன்னும் நல்லது: இருப்புக்கு எழுவாய் வேண்டியதில்லை, வைப்புக்கு வைத்தவர் வேண்டும். வைத்தவர் யார் என்ற வினாவைச் சொல்லே எழுப்பிவிடும்.

இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தபோது, ஆண்ட்ராய்டு கைபேசியை முதன்முறை அமைக்கையிலேயே தேடுபொறியைப் பயனர் தெரிவுசெய்ய வழிசெய்யவும் ஆணையிட்டது. அவ்வாணை கணினிக்கூடத்தின் உலாவியைத் தொடவில்லை. அதற்கு ஆணையமும் தேவையில்லை. நூலகரும் கணினி மைய இயக்குநரும் கையொப்பமிட்ட ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும்.